எந்த முனைக்கு எந்த ஒயர்?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

"ஆல்டர்னேட்டரின் அமைப்பையும் செயல்பாட்டையும் தெளிவான படத்துடன் விளக்குக." நண்பர்களே, இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் நம் பிரிவிலிருந்து யாரும் டிப்ளமோ வாங்கிக்கொண்டு போக முடியாது. ஸ்டேட்டர், ரோட்டர், ஸ்லிப் ரிங், பிரஷ், டையோடு என்று வரைந்து, ஸ்கேல் வைத்து அம்புக்குறி இழுத்துவிட்டால் மார்க் வந்துவிடும். எனக்கும் வந்தது. ஆனால் அந்தப் படத்தில் ஒரு சங்கதி மட்டும் இல்லை. ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒயர் மாட்டுகிற இடத்தில் எத்தனை முனை இருக்கிறது, எந்த முனைக்கு எந்த ஒயர் போக வேண்டும், மாற்றிப் போட்டால் என்ன ஆகும்... நான் படித்த புத்தகத்தில் இதற்கு ஒரு வரி கூடக் கிடையாது. வெளியே போய் வேலை செய்யப் போகிறவனுக்கு முதலில் கண்ணில் படுவதே அந்த முனைகள்தான்!

அந்த ஒரு வரியை நான் எங்கே படித்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுந்தராபுரத்தில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரிகல் கடைக்கு நான் போவதுண்டு. கடைக்கார அண்ணன் எட்டாவதோடு நின்றவர். ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும் சத்தத்தை வைத்தே பிரஷ் தேய்ந்திருக்கிறதா, புஷ் போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஆல்டர்னேட்டருக்கு அவர் வைத்திருக்கும் சூத்திரம் ஒரே வரி. "பெருசு பேட்டரிக்கு, சின்னது லைட்டுக்கு. அவ்வளவுதான் தம்பி." நூற்றுக்குத் தொண்ணூறு வண்டிக்கு இது போதும். மீதிப் பத்தில் ஒன்றுதான் போன வைகாசியில் கடை வாசலில் வந்து நின்றது.

வெள்ளை அம்பாசிடர். மார்க் டூ, 1960-களின் வண்டி. உங்களுக்குத் தெரிந்திருக்கும், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரீஸ் த்ரீ காரை அப்படியே அச்செடுத்த மாதிரி இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-லிருந்து கொண்டுவந்த கார் இது. வங்காளத்து உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுவிட்டது. கார் நின்றதும் மவுசு ஏறிவிட்டது! கிணத்துக்கடவைத் தாண்டி ஒரு ஊரில் இருக்கும் பெரியவர் ஒருவர், இந்த வண்டியைக் கல்யாணத்துக்கும், பொள்ளாச்சிப் பக்கம் நடக்கிற சினிமா ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விடுகிறார். தோட்டத்தில் தண்ணீர் வற்றிய பிறகு அவருக்கு இதுதான் வருமானம்.

வந்தவர் நேராக டிக்கியைத் திறந்தார். சாக்குப் பைக்குள் பழைய டைனமோ.

"இத எடுத்து மறுபடி மாட்டிக் குடுத்துருங்க. அந்த ஆல்டர்னேட்டரு சகவாசமே வேண்டாமுங்க. ரெண்டு பேட்டரி மாத்திப் போட்டாச்சு" என்றார் அண்ணனிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ற வண்டி ரோட்டுல ஓடுனா நல்லாத்தான் கண்ணு ஓடுது. ஊர்வலத்துல நின்னா செத்துப் போகுது" என்றார்.

நடந்தது இதுதான். மாப்பிள்ளை அழைப்புக்குக் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் வண்டி ஊர்ந்து போயிருக்கிறது. முன்னால் மேளம், ஹெட்லைட் போட்டபடி, பானெட்டைச் சுற்றி சீரியல் பல்பு. பாதி வழியில் வெளிச்சம் மங்கி, ஹாரன் முனகி, இன்ஜினும் நின்றுவிட்டது. மாப்பிள்ளையே இறங்கித் தள்ளியிருக்கிறார். வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்டதோடு போகவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்குப் பேசியிருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். ஆவணி முகூர்த்தம் வருவதற்குள் வண்டி சரியாக வேண்டும். இல்லையென்றால் விற்றுவிடுவதாகவும் பேச்சு.

டைனமோவை மறுபடி மாட்டினால் ஊர்வலப் பிரச்சினை தீராது. அதனால்தானே ஆல்டர்னேட்டருக்கு அவர் மாறினார்! டைனமோவில் சுற்றுகிற ஆர்மேச்சரில்தான் கரண்ட் பிறக்கிறது. அவ்வளவு கரண்ட்டும் கம்யூட்டேட்டரையும் கார்பன் பிரஷ்ஷையும் தாண்டி வெளியே வர வேண்டும். மெதுவாகச் சுற்றினால் வோல்டேஜ் பேட்டரியை விடக் குறைந்துபோகும். அப்போது கட்-அவுட் திறந்துகொண்டு, சார்ஜ் என்ற பேச்சே இருக்காது. அந்தக் காலத்து லூகாஸ் சி-40 டைனமோ முழு மூச்சாக ஓடினாலும் 22 ஆம்பியர்தான். ஆல்டர்னேட்டரில் கதை தலைகீழ். கரண்ட் பிறக்கும் ஸ்டேட்டர் அசையாமல் நிற்கிறது, காந்தம் மட்டும் நடுவில் சுற்றுகிறது. பிரஷ் வழியாகப் போவது காந்தத்துக்கான இரண்டு மூன்று ஆம்பியர் மட்டுமே. அதனால் புல்லியைச் சின்னதாக வைத்து வேகமாகச் சுற்றவிடலாம், ஐட்லிங்கிலேயே சார்ஜ் கிடைக்கும். சிலிக்கான் டையோடு மலிவாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகுதான் இது காருக்கு வந்தது. 1960-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் வேலியன்ட் காரில் வைத்தது, பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

அப்படியானால் இந்த வண்டியில் ஏன் ஐட்லிங்கில் சார்ஜ் இல்லை?

அண்ணன் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தேன். 12.2 வோல்ட். சார்ஜ் இல்லை. "ரேஸ் பண்ணு" என்றார். இன்ஜின் கத்துகிற அளவுக்கு மிதித்ததும் மீட்டர் திடீரென்று 14-க்குத் தாவியது. காலை எடுத்தேன். இன்ஜின் ஐட்லிங்குக்கு வந்தும் மீட்டர் 14-க்குப் பக்கத்திலேயே நின்றது! சாவியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் பழையபடி 12.2. மூன்று தடவை செய்து பார்த்தோம், மூன்று தடவையும் இதே கதை. பெரியவர் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு மிதி மிதித்ததும் சார்ஜ் ஏறிவிடும், இன்ஜினை அணைக்கிற வரை இறங்காது. கோயில் வாசலில் புதிதாக ஸ்டார்ட் பண்ணி ஊர்ந்துகொண்டே போனால், சார்ஜ் தொடங்குவதற்கே வாய்ப்பில்லை.

ஆல்டர்னேட்டர் நல்ல ஆல்டர்னேட்டர்தான். அதை எழுப்பிவிடத்தான் ஆள் இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்கப் புத்தகமே தேவையில்லை. எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். எங்க அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனால் கிணற்று மோட்டாரைத் தொட்டு வளர்ந்தவர். மேலே நிற்கிற பம்பை அப்படியே போட்டுவிட்டால் அது காற்றைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். முதலில் ஒரு குடம் தண்ணீர் உள்ளே ஊற்ற வேண்டும். அந்த ஒரு குடம் உள்ளே இருந்தால், அப்புறம் வாய்க்கால் கொள்ளாமல் தானே இழுத்துக் கொட்டும். ஆல்டர்னேட்டரும் அதே ஜாதி. ரோட்டரில் இருப்பது நிரந்தரக் காந்தம் அல்ல, கரண்ட் கொடுத்தால்தான் காந்தம். காந்தம் இருந்தால்தான் கரண்ட். முதல் குடத்தை யார் ஊற்றுவது?

டேஷ்போர்டில் இருக்கும் அந்தச் சின்னச் சிவப்பு பல்பு! அதை நாம் வெறும் எச்சரிக்கை விளக்கு என்றுதான் நினைத்திருக்கிறோம். சாவியைத் திருப்பியதும் பேட்டரி கரண்ட் சாவி வழியாக பல்புக்குள் போய், சின்ன முனைக்குள் நுழைந்து, ரோட்டர் சுருளைச் சுற்றி பாடியில் இறங்குகிறது. 12 வோல்ட், 2.2 வாட் பல்பு என்றால் சுமார் 0.18 ஆம்பியர். ரோட்டர் முழுதாகக் கேட்பது மூன்று ஆம்பியர் அளவுக்கு. இது அதில் சின்ன அரைக்கால் கூட இல்லை. ஆனாலும் முதல் குடத்துக்கு அது போதும். இன்ஜின் சுற்ற ஆரம்பித்ததும் ஸ்டேட்டரில் கொஞ்சம் கரண்ட் பிறந்து, அது ரோட்டருக்கே திரும்பிப் போய், காந்தம் பலமாகி, ஒரு நொடிக்குள் முழு சார்ஜ். அந்த நேரத்தில் சின்ன முனையிலும் பேட்டரி அளவு வோல்டேஜ் வந்துவிடும். பல்பின் இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ், நடுவில் கரண்ட் ஓட வழியில்லை. பல்பு அணைகிறது. விளக்கை அணைக்க யாரும் சுவிட்ச் போடவில்லை பாருங்கள், ஓம் விதியே அணைத்துவிட்டது!

பல்பு இல்லாத வண்டியில், ரோட்டர் இரும்பில் மிச்சம் ஒட்டியிருக்கும் துளிக் காந்தத்தை நம்பித்தான் பிழைப்பு. அதற்கு அசுர வேகம் வேண்டும். நாங்கள் ரேஸ் பண்ணியபோது நடந்தது அதுதான்.

சாவியைப் போட்டுப் பார்த்தோம், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியவில்லை. அண்ணன் டேஷ்போர்டுக்குக் கீழே படுத்துத் தேடி, டேப் சுற்றிய ஒல்லியான ஒயர் ஒன்றை வெளியே இழுத்தார். "இத யாருங்க வெட்டுனது?"

"சாவிய எடுத்தாலும் செவப்பு லைட்டு எரிஞ்சுட்டே இருந்துச்சுங்க. அதான் மொதல்ல ஆல்டர்னேட்டர் மாட்டுன எடத்துல வெட்டி உட்டாங்க" என்றார் பெரியவர்.

சாவியை எடுத்த பிறகு ஏன் எரிந்தது? இதற்குப் பதில் ஒரே ஒரு எழுத்தில் இருக்கிறது. டி. பழைய டைனமோவின் பெரிய முனைக்குப் பெயர் டி. கட்-அவுட் பெட்டியிலும் டி என்ற முனைக்கு டைனமோவின் தடித்த ஒயர் வரும். அதே முனையில்தான் விளக்கின் ஒல்லி ஒயரும் மாட்டியிருக்கும். பெட்டியின் ஏ முனை பேட்டரிக்கு, ஏ-1 முனை விளக்கு, இக்னிஷன் முதலியவற்றுக்கு, எஃப் முனை டைனமோவின் ஃபீல்டுக்கு, ஈ எர்த்து. ஆல்டர்னேட்டர் வந்தால் பெட்டிக்கு வேலை இல்லை. ஏ, ஏ-1 ஒயர்களை ஒன்றாகச் சேர்த்து, புதிய ஆல்டர்னேட்டரின் கனத்த ஒயரோடு இணைக்க வேண்டும். அதுவரை சரியாகச் செய்திருந்தார்கள். ஆனால் டி-யில் இருந்த இரண்டு ஒயரையும் பிரிக்காமல் அந்தக் கட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். விளக்கின் ஒரு பக்கம் நேரடியாகப் பேட்டரி. சாவி போட்டால் இன்னொரு பக்கமும் பேட்டரி, அதனால் எரியாது. சாவியை எடுத்தால் பேட்டரி கரண்ட் விளக்கு வழியாகப் பின்பக்கமாக இக்னிஷன் காயிலுக்கு ஓடும், எரியும்! எரியக் கூடாத நேரத்தில் எரிகிறதே என்று வெட்டிவிட்டார்கள்.

டைனமோவின் டி முனைக்கு இரண்டு வேலை. கனத்த கரண்ட்டை வெளியே அனுப்புவது ஒன்று, விளக்குக்குத் தகவல் சொல்வது இன்னொன்று. ஆல்டர்னேட்டரில் இந்த இரண்டு வேலையையும் பிரித்துவிட்டார்கள். கனத்த கரண்ட் பி-பிளஸ் என்ற தடித்த போல்ட்டுக்குப் போய்விட்டது. டி என்ற பெயர் விளக்கோடு கூடப் போய், டி-பிளஸ் என்ற சின்ன முனையாகிவிட்டது. நம் புத்தகப் படத்தில் ஆறு டையோடு இருக்கும். இந்த வகை ஆல்டர்னேட்டரைக் கழற்றினால் ஒன்பது இருக்கும். அந்த மூன்று சின்ன டையோடு எதற்கு என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். டி-பிளஸ்ஸைப் பேட்டரியிலிருந்து தனியாகப் பிரித்து வைக்கத்தான்.

இனி எழுத்துகளுக்கு வருவோம். ஜெர்மன் வழி என்றால் பி-பிளஸ், டி-பிளஸ். அவர்கள் டி.ஐ.என். 72552 என்ற தரநிலையில் வண்டியின் எல்லா முனைக்கும் பெயரோ எண்ணோ வைத்திருக்கிறார்கள். 30 என்றால் பேட்டரி, 15 என்றால் சாவிக்குப் பின், 31 என்றால் எர்த்து. இங்கிலாந்தின் லூகாஸ் வழியில் அதே சின்ன முனைக்கு ஐ.என்.டி. என்று பெயர். சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் 1961-லேயே வந்துவிட்டதால் நம் பக்கத்துப் பட்டறைகளில் இந்தப் பெயர்தான் அதிகம் புழங்கும். ஜப்பான் வழியில் பி, எல், ஐ.ஜி., எஸ். எல் என்பது விளக்கு. ஐ.ஜி. சாவியிலிருந்து ரெகுலேட்டரை எழுப்ப வருவது. எஸ் என்பது பேட்டரியில் உண்மையாக எத்தனை வோல்ட் இருக்கிறது என்று தொட்டுப் பார்க்கும் விரல் மாதிரி. டபிள்யூ என்று ஒன்று சிலதில் இருக்கும். ஸ்டேட்டரின் மூன்று பேஸில் ஒன்றை வெளியே நீட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. டீசல் வண்டியில் இக்னிஷன் காயில் கிடையாது அல்லவா, ஆர்.பி.எம். மீட்டருக்குத் துடிப்பு வேண்டுமென்றால் இங்கிருந்து எடுக்கலாம். மூன்று பேஸ் என்றதும் யாரும் மிரள வேண்டாம். ஸ்டார்ட்டர் போர்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பல்பைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டாரே 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் செய்ததுதான் என்பார்கள்.

பெரியவர் வண்டியில் இருந்தது உக்கடத்துப் பழைய சாமான் கடையில் வாங்கிய ஆல்டர்னேட்டர். தடித்த போல்ட் ஒன்று, சின்ன முனை இரண்டு. எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. எது விளக்கு முனை, எது டபிள்யூ? விளக்கு முனையைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடாதபோது, முனைகளிலிருந்து எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு, ஒரு 3 வாட் பல்பின் ஒரு காலைப் பேட்டரி பிளஸ்ஸிலும், மறு காலைச் சின்ன முனையிலும் தொட வேண்டும். விளக்கு முனை என்றால் எரியும். எரிகிறபோது ஒரு ஸ்பேனரை ஆல்டர்னேட்டரின் பின்பக்க பேரிங் அருகே கொண்டு போனால் லேசாக இழுக்கும். அந்த இழுப்பைக் கையில் உணர்ந்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. மார்க்குக்காக எத்தனை முறை எழுதியிருக்கிறேன், "ரோட்டர் காந்தமாகிறது" என்று!

பல்பு இல்லாமல் அந்த முனையைத் தொடாதீர்கள். நேராகப் பேட்டரியில் கட்டினால் இரவெல்லாம் ரோட்டர் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும். சாவிக்குப் பின்னால் நேராகக் கட்டினால் இன்னொரு வேடிக்கை. சாவியை எடுத்தாலும் ஆல்டர்னேட்டரே அந்த முனை வழியாக இக்னிஷனுக்குக் கரண்ட் கொடுத்து, இன்ஜின் நிற்காமல் ஓடும்.

விளக்கு மாட்டும் நேரத்தில் அண்ணன் ஒரு எல்.இ.டி.யை எடுத்தார். பழைய ஹோல்டர் உடைந்திருந்ததால், சுலபமாக இருக்கும் என்றுதான். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அண்ணா, இதுல 0.02 ஆம்பியர்தானுங்க போகும். ஒரு குடம் ஊத்த வேண்டிய இடத்துல ஒரு டம்ளர்தான் ஊத்துறோம்." அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எல்.இ.டி.யைப் பெட்டியில் போட்டுவிட்டு, ஹோல்டர் வாங்கி வரப் பையனை அனுப்பினார். எல்.இ.டி.தான் வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டர் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி-பிளஸ்ஸிலிருந்து பேட்டரிக்குப் புதிதாகத் தடித்த ஒயர் இழுத்தோம். 22 ஆம்பியருக்குப் போட்ட பழைய ஒயரை நம்பக் கூடாது. லூகாஸின் பழைய 17 ஏ.சி.ஆர். ஆல்டர்னேட்டரே 36 ஆம்பியர் தரும், இப்போது வருவது அதற்கும் மேல். அம்மீட்டர் இருக்கிற வண்டியில் அதன் அளவையும் பார்க்க வேண்டும். ஒயர் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஐம்பது வருடத்தில் எத்தனை பட்டறை, எத்தனை கை! எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரியின் எந்தப் பக்கம் பாடியில் மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகளில் பல பாசிட்டிவ் எர்த்து. அப்படியே இன்றைய ஆல்டர்னேட்டரை மாட்டினால் டையோடெல்லாம் அந்த நொடியே போய்விடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி "சார்ஜ் இருக்குதா" என்று பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் அதைச் செய்தால் வோல்டேஜ் எகிறி ரெகுலேட்டரைக் கொன்றுவிடும். இன்றும் செய்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன்.

டைனமோ காலத்து வண்டிகளைக் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால் அவிநாசி ரோட்டில் 2015-ல் திறந்த ஜீடீ கார் மியூசியத்துக்குப் போய் வாருங்கள்.

மாலை ஆறு மணிக்கு ஹெட்லைட், சீரியல் பல்பு எல்லாவற்றையும் போட்டு, சாவியைத் திருப்பினோம். சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டார்ட் பண்ணியதும் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே அணைந்தது. மீட்டரில் 13.9. முக்கால் மணி நேரம் ஐட்லிங்கிலேயே விட்டு வைத்தோம். பெரியவர் பானெட் பக்கத்திலேயே நின்று, மங்குகிறதா மங்குகிறதா என்று ஹெட்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டைனமோவைக் கடையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். ஆவணியில் நான்கு கல்யாணம் ஓடியதாக அண்ணன் சொன்னார்.

நம் லேபில் ஒரு ஆல்டர்னேட்டர் ஸ்டாண்டு மேல் இருக்கிறது அல்லவா, பாதி வெட்டி, சிவப்பும் பச்சையும் அடித்தது? அதன் பின்பக்கம் முழுக்கப் பச்சை பெயிண்ட் அப்பியிருக்கும். லேப் அண்ணனிடம் கேட்டுக்கொண்டு, உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தேன். எழுத்துகள் உள்ளேயே இருக்கின்றன. தடித்த போல்ட் பக்கத்தில் ஒரு பிளஸ், சின்ன முனைக்கு மேலே ஐ.என்.டி. இரண்டாம் ஆண்டுத் தம்பிகள் அடுத்த பிராக்டிகலுக்குப் போகும்போது பாருங்கள். ஒரு 3 வாட் பல்பும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.